பெட்டி வீடும் ஒரு பேறுகாலமும்

சிங்கப்பூரில் நான் குடியிருக்கும் அறையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் என் மச்சானைத் திட்டும்போது, சின்ன வீட்டின் அருமை தெரியாதவன் பேசுகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அடுக்குமாடி வீடு ஒன்றில் சமையலறையை ஒட்டிய உள்ளறை அது. கட்டிலில் உட்கார்ந்தபடியே கதவைத் திறக்கலாம், ஜன்னலைச் சாத்தலாம், மின்விசிறியைப் போடலாம். வீட்டுக்காரச் சீன அம்மாள் மீன் வறுக்கக் கூடாது என்பார், விருந்தாளி வரக் கூடாது என்பார், இரவில் துணி துவைக்கக் கூடாது என்பார். கப்பல் பட்டறையில் வேலை முடித்து வந்து விழுவதற்கு அது போதும். ஆனால் அதை எளிய வாழ்க்கை என்று நான் ஒருநாளும் பெயர் சூட்டிக்கொண்டதில்லை. என் சம்பளத்துக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இந்த முறை ஊருக்கு வந்தது அக்கா மகள் மீனாவின் வளைகாப்புக்காக. தாய்மாமன் வளையல் போடாமல் அது நடக்காது. விடுப்பு கேட்டபோது மேலதிகாரி, "உங்கள் சகோதரியின் மகள் கர்ப்பமாக இருப்பதற்கு நீங்கள் ஏன் போக வேண்டும்?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். பதில் சொல்ல ஆரம்பித்தால் வேலை நேரம் முடிந்துவிடும் என்பதால் சிரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். பிள்ளை பிறந்து, தாயும் பிள்ளையும் தேறிய பிறகுதான் புருஷன் வீட்டுக்கு அனுப்புவார்கள். இதில் இருப்பவர் இல்லாதவர் என்ற பேதம் கிடையாது. ஆனால் மீனாவின் அப்பா, அதாவது என் மச்சான், வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அருப்புக்கோட்டையில் இருந்த வீட்டை விற்றுவிட்டார். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் நரிக்குடி போகும் வழியில் மானாவாரி நிலம் கொஞ்சம் வாங்கி, அதன் நடுவில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார். அதை நான் கைபேசிப் படத்தில் பார்த்திருந்தேன். படத்தில் அழகாகத்தான் இருந்தது.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எண்ணெயில் பொரித்த பரோட்டாவைத் தின்றுவிட்டுத் திருச்சுழி பஸ் ஏறினேன். சிங்கப்பூரில் பஸ் வரும் நேரத்தைத் திரையில் போடுவார்கள். இங்கே பஸ் கிளம்பும் நேரம் டிரைவர் டீ குடித்து முடிக்கும் நேரம். திருச்சுழியில் மாறி ஏறிய பஸ், பாதி வழியில் ஒரு சத்தம் கொடுத்துவிட்டு நின்றது. கண்டக்டர் இறங்கி அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "பக்கத்து ஊர்க்காரங்க நடந்துருங்க" என்றார். யாரும் அதிசயப்படவில்லை. பக்கத்துச் சீட்டில் மடியில் ஆட்டுக்குட்டியோடு வந்த பெண்ணும் எழுந்தாள்.

"எங்கிட்டுப் போகணும்?" என்றாள்.

"வாத்தியார் வீட்டுக்கு. காட்டுக்குள்ள சின்னதா..."

"பொட்டி வீட்டு வாத்தியாரா? எங்க வீட்டத் தாண்டித்தேன் போகணும். வாங்க."

அவள் பெயர் பேச்சியம்மாள். சாலையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் வெயில். நடந்துகொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கெழமையானா மதுரையில இருந்து காருல வாராக. இம்புட்டுக்கூண்டு வீட்ல எப்பிடி இருக்கீகன்னு வாத்தியாரக் கேட்டுக் கேட்டுப் படம் பிடிக்கிறாக. எங்க தொகுப்பு வீடும் அம்புட்டுத்தேன் இருக்கு. அதுல ஆறு பேரு கெடக்கோம். எங்கள ஒருத்தரும் வந்து கேக்கல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிங்கப்பூரிலிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் தலைவலித் தைலம் இருக்கிறதா என்று கேட்டு ஒரு பாட்டிலை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பத்தடிக்குப் பதினாறடி. மச்சான் வாசலிலேயே சொல்லிவிட்டார், யாரோ கேட்டது மாதிரி. பையை இறக்கி வைக்கும் முன்பே வீட்டைச் சுற்றிக் காட்டத் தொடங்கினார். சுற்றுவதற்கு ஒன்றுமில்லை, நின்ற இடத்தில் திரும்பினால் போதும். சுவரில் மடக்கியிருந்ததை இழுத்தால் மேசை. ஜன்னல் திண்டுக்குக் கீழே இழுத்தால் துணி வைக்கும் பெட்டி. மேலே மரப்பலகையில் ஒரு பரண், அதில் மெத்தை, ஏறுவதற்கு ஏணி. மூலையில் ஒற்றை அடுப்பு. கழிப்பறை வெளியில், தண்ணீர் கிடையாது, மரத்தூளைப் போட்டு மூட வேண்டும், பிறகு அது உரமாகும். அதை விளக்கும்போது மச்சானின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"வீடுங்கிறது படுக்கிறதுக்கு மட்டுந்தேன் மாப்ள. வாழுறதெல்லாம் வெளியில. நம்மாளுக இத மறந்துட்டாக."

வெளியில் வாழ்ந்துகொண்டிருந்தது அக்காதான். பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, தொட்டியிலிருந்து தண்ணீர் தூக்குவது எல்லாம் வெளியில். மச்சான் உள்ளே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எளிமையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு முழங்கால் வலி, ஏணி ஏற முடியாது. அதனால் மெத்தை அவருக்கு, அடுப்படித் தரை அவளுக்கு. நான் வாசலில் நைலான் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். சிங்கப்பூர் அறையை முதல்முறையாக அரண்மனை என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. பேச்சியம்மாள் சொன்னது மாதிரியே கார்கள் வந்தன. கண்ணாடி போட்ட தம்பதிகள், கழுத்தில் கேமரா போட்டவர்கள். மச்சான் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். தேவைகளைக் குறைத்தால் மனம் விரியும், பெரிய வீடு என்பது பெரிய கவலை என்று வகுப்பெடுத்தார். வந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் யாரும் தங்கள் வீட்டை விற்கப்போவதில்லை என்பது அவர்கள் வந்த கார்களைப் பார்த்தாலே தெரிந்தது.

வீட்டில் இருப்பது நான்கே டம்ளர். அக்கா நாலு பேருக்கு டீ கொடுப்பாள், டம்ளரை வாங்கிக் கழுவுவாள், அடுத்த நாலு பேருக்குக் கொடுப்பாள். ஒரு பெண்மணி அவளிடம், "உங்களுக்கு இந்த வாழ்க்கை பிடிச்சிருக்கா மேடம்?" என்று கேட்டாள். அக்கா வாய் திறப்பதற்குள் மச்சான், "அவளுக்குத்தேன் ரொம்ப நிம்மதி. கூட்டிப் பெருக்க ரெண்டே நிமிசம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் போன பிறகு தொட்டியருகே வைத்துக் கேட்டேன், "மீனாவ எங்கக்கா படுக்க வைக்கப்போற?"

அக்கா டம்ளரைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அருப்புக்கோட்ட வீட்ல நடுக்கூடத்துல உத்தரத்துல ஒரு கொக்கி இருந்துச்சே, ஞாபகம் இருக்கா தம்பி? மீனாவுக்கு அதுலதேன் தொட்டில் கட்டுனேன். விக்கிறப்ப அதயாச்சும் கழட்டித் தாங்கன்னேன். கொக்கிய வச்சு என்ன பண்ணப்போறன்னு கேட்டாக. சீர்ப் பாத்திரம், அண்டா, கட்டிலு எல்லாத்தயும் ஆளுக்கொண்ணாக் குடுத்தாச்சு. இங்க கொக்கி அடிக்க எடமில்ல. மேல பரணு."

மச்சானிடம் கேட்டதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. பிள்ளையை ஆஸ்பத்திரியில்தான் பெறப்போகிறாள், பிறகு மாமியார் வீட்டில் அறை அறையாகக் கிடக்கிறது, வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான் என்றார். வெளிநாட்டில் இருப்பவன் நான். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை வளைகாப்பு, காரியாபட்டியில், சம்பந்தி வீட்டில். பெண் வீட்டார் வகைவகையான சாதம் கிளறிக் கொண்டுபோக வேண்டும். ஒற்றை அடுப்பில் எதைக் கிளறுவது? அருப்புக்கோட்டையில் சமையல்காரர் ஒருவரிடம் சொல்லி, லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் டயர் பஞ்சர். ஆட்டோ சரிந்து நின்றதில் தயிர்சாதம் கவிழ்ந்து பாதி புளியோதரையோடு கலந்துவிட்டது. அக்கா சாலையோரத்தில் உட்கார்ந்து கரண்டியால் வெள்ளையையும் பழுப்பையும் பிரித்துக்கொண்டிருந்தாள். மச்சான் நிழலில் நின்று கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார்.

மீனாவுக்கு வளையல் போட்டேன். கை வீங்கியிருந்தது, கண்ணாடி வளையல் ஏறவில்லை, சோப்பு தடவி ஏற்றினேன். "சிங்கப்பூர் சோப்பா மாமா?" என்று கிண்டல் செய்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாவோட இருக்கணும் மாமா. பயமா இருக்கு" என்றாள். பந்தியில் யாரோ ஒரு பெண், "பெத்தவ கைப்பக்குவம் மாதிரி இல்லயே, ஓட்டல் வாடை அடிக்குது" என்றாள், அக்கா காதில் விழும்படியாகவே.

பெண்ணை அழைத்துப் போகிற நேரம் வந்தது. சம்பந்தியம்மா மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"மதினி, அனுப்ப மாட்டேன்னு சொல்லல. நீங்க புது வீட்டுக்குப் போனதுல இருந்து நாங்க வந்து பாக்கல. நாளைக்கு வாரோம். புள்ள எங்க படுப்பான்னு ஒருக்கப் பாத்துட்டு அனுப்பி வைக்கிறோம்."

அக்கா சரி என்று தலையாட்டினாள். பெண்ணில்லாமல் வெறும் பாத்திரங்களோடு திரும்பினோம். வளைகாப்புக்குப் போய்விட்டு இப்படித் திரும்பிய தாயை நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் சம்பந்தியும் அவர் மனைவியும் வந்தார்கள். மச்சானுக்கு அவர்களும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான். மேசையை மடக்கிக் காட்டினார், பெட்டியை இழுத்துக் காட்டினார், மழைநீர்த் தொட்டியைக் காட்டினார். சம்பந்தியம்மா பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ராத்திரியில எந்திரிச்சா புள்ள எங்க போகும்?" என்று கேட்டார். மச்சான் அவரை வெளியே அழைத்துப் போய் மரத்தூளைப் பற்றி விளக்கினார். பாம்பு வருமா என்று அவர் கேட்டார். பாம்பும் இயற்கையின் ஒரு பகுதி என்றார் மச்சான்.

சம்பந்தியம்மா திரும்பி வந்து, கொடுத்த டீயைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்தார். "நல்லா இருங்க. மீனாவுக்கு எங்க வீட்லயே பாத்துக்கிறோம் மதினி. நீங்க வந்து வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

கார் போன பிறகு அக்கா வாசல்படியில் உட்கார்ந்தவள் எழவில்லை. "தாயில்லாத புள்ளைக்குத்தேன் மாமியா வீட்ல பேறுகாலம் பாப்பாக" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, எதிரே இருந்த கருவேலத்தைப் பார்த்துச் சொன்னாள். "நான் உசுரோடதான இருக்கேன்?"

அந்த நேரம் பேச்சியம்மாள் ஆட்டுக்குக் கழனித்தண்ணி எடுக்க வந்தாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது. காரையும் பார்த்திருந்தாள், அக்கா முகத்தையும் பார்த்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கா?" என்றாள். "எங்க வீட்ல ரெண்டு மகளுக்கும் பேறுகாலம் பாத்தாச்சு. மக வந்துட்டா ஆம்பளைக வெளியேறிருவாக. எங்க வீட்டுக்காரரும் மகனும் பாயத் தூக்கிக்கிட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருவாக. சாப்பிட மட்டுந்தேன் வீட்டுப் பக்கம் வருவாக. பச்ச உடம்புக்காரி இருக்குற வீட்ல ஆம்பளைக்கு என்ன வேல?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், வாளியும் நிறைந்துவிட்டது, போய்விட்டாள். ஆனால் அக்கா தலையைத் திருப்பி மச்சானைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் ஏணியைப் பார்த்தார்.

"என்ன பாக்குறீக? இந்த வயசுல நான் கோயில்ல போயிப் படுக்கணுமா?"

"வேணாம் மச்சான்" என்றேன். "பக்கத்துல தகரத்துல ஒரு கொட்டகை போட்டுருவோம். ஆள நான் கூட்டியாறேன், செலவும் என்னோடது. மீனாவுக்கு ஒரு கட்டிலு, புள்ளைக்கு ஒரு தொட்டிலு. நாலு மாசம் கழிச்சுப் பிரிச்சுருவோம்."

"கொட்டகை போட்டா அப்புறம் இது சின்ன வீடா மாப்ள? ரெண்டு பேருக்குன்னு கணக்குப் பண்ணிக் கட்டுனது. வியாழக்கெழம சானல்காரங்க வாராக. தகரத்தக் காட்டிக்கிட்டு அவுககிட்ட என்னத்தச் சொல்லுவேன்?"

வாழ்க்கையில் சிலரை ஓங்கி அறைய வேண்டும் என்று தோன்றும். அக்கா புருஷன் என்பதால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இடத்தைக் குறைத்தால் மனம் விரியும் என்று ஞாயிறு முழுக்கப் பேசியவர் அவர்தான். மகளுக்கு ஒரு கட்டில் போடும் அளவுக்குக்கூட அது விரிந்திருக்கவில்லை.

அக்கா சண்டை போடவில்லை. ராத்திரிச் சோறு ஆக்கினாள், பரிமாறினாள். காலையில் தலை சீவிக்கொண்டு, "தம்பி, அருப்புக்கோட்டைக்குப் போயிட்டு வருவோம்" என்றாள்.

வாடகைக்கு அறை தேடினோம். இதுவும் ஒரு பயணம்தான், வெயிலில் தெருத் தெருவாக. எத்தனை பேர் என்று கேட்டார்கள், சொன்னோம். எதற்கு என்று கேட்டார்கள். மகளுக்குப் பேறுகாலம் என்று அக்கா உண்மையைச் சொன்னதும் கதவு பாதி சாத்திக்கொண்டது. ஒருவர், வீட்டில் தீட்டு ஆகாது என்றார். இன்னொருவர், மாடியில் சாமி அறை இருக்கிறது என்றார். பொய் சொல்லு என்று அக்காவிடம் சொன்னேன். "புள்ளையப் பொய் சொல்லியா பெத்துக்கிறது?" என்று கேட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள். மத்தியானம் ஒரு கடையில் எலுமிச்சம்பழ சர்பத் குடித்தோம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு இன்னொரு சர்பத் வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம்தான் ஒரு இடம் அமைந்தது. வீட்டுக்காரம்மா ஆயிஷாவின் புருஷன் சவுதியில் இருக்கிறார். கீழே ஒரு அறை, பின்பக்கம் ஓட்டுச் சாய்ப்பில் அடுப்படி, முற்றத்தில் தண்ணீர் வரும் கழிப்பறை. "பேறுகாலந்தான? அதுக்கு என்ன, இருங்க. தண்ணிதேன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், பிடிச்சு வச்சுக்கங்க" என்றார். நான் பழக்கதோஷத்தில் அறையைக் காலால் அளந்தேன். மச்சான் வீட்டைவிடச் சின்னது. சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது, ஜன்னலில் ஒரு கம்பி இல்லை. படம் பிடிக்க யாரும் வர மாட்டார்கள். அக்கா தரையையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து உத்தரத்தைத்தான் பார்த்தாள்.

"கொக்கி இருக்கு தம்பி" என்றாள்.

காரியாபட்டிக்குப் போன் போட்டாள். சம்பந்தியம்மா எத்தனை அறை என்று கேட்டார். ஒன்று என்றாள் அக்கா. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்டார். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம், நானும் மகளும் மட்டும் என்றாள். பிறகு, "வெள்ளிக்கெழம நல்ல நாளு. கூட்டிக்கிட்டு வாரோம் மதினி" என்ற குரல் எனக்கே கேட்டது. அக்கா போனை அணைத்துவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அன்று ராத்திரியே அங்கே பாய் விரித்துவிட்டாள். ஆயிஷா ஒரு குடம் கடன் கொடுத்தார்.

வியாழக்கிழமை, அக்காவின் சாமான்களை எடுத்துவர நான் மட்டும் போனேன். பஸ் வழியில் நிற்காமல் போய்ச் சேர்ந்தது, அதிசயம். எளிய வாழ்க்கையில் ஒரு வசதி உண்டு, விட்டுவிட்டுப் போவது சுலபம். நான்கு சேலை, ஒரு கம்பளி, முழங்கால் தைலம், மீனா சின்ன வயதில் போட்ட கொலுசு. அவ்வளவும் ஒரே பையில் அடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மகள் வருகிறாள் என்று மச்சானிடம் சொன்னேன். "நல்லது. நான் ஒண்ணும் போகச் சொல்லல, அவளாத்தேன் போனா" என்றார். பிறகு அறைக்குள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "இப்ப பாரு மாப்ள, எம்புட்டு எடம் இருக்கு!" என்றார். கிண்டல் இல்லை. மனதாரச் சொன்னார்.

சானல்காரர்கள் வாசலில் கேமராவை நிறுத்தியிருந்தார்கள். மைக் பிடித்த பெண், இவ்வளவு சின்ன வீட்டில் வாழ்வது சிரமமாக இல்லையா என்று கேட்டாள். மச்சான் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"நானும் எம் மனைவியும் ரெண்டே பேரு. எங்களுக்கு இதுல ஒரு குறையும் இல்ல. சொல்லப்போனா, எடம் மிச்சம் இருக்கு."

நான் அக்காவின் பையோடு கதவருகே நின்றிருந்தேன். கேமராக்காரர் கண்ணை எடுக்காமலேயே கையை ஆட்டினார்.

"சார், பையோட கொஞ்சம் வெளிய போயிருங்க. படத்துல எடத்த அடைக்குது."